உப்பின் பிணைப்பும் யூரியாவின் பிணைப்பும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் நெற்பயிருக்குத் தழைச்சத்தை அளிக்கும் இரசாயன உரங்களுள் அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் நன்கு அறியப்பட்டவை. இரண்டும் நீரில் எளிதிற் கரைவன. ஆயினும், கரைந்த பின்னர் அவை வயலில் அடையும் கதி ஒன்றன்று. அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் முறை வேறுபடுவதே இதற்குக் காரணமாகும். இதனை மிராசுதார்கள் அறிந்துகொள்வார்களாயின் உரச்செலவில் வீண் நஷ்டம் குறையும்.

பிணைப்பின் இருவகை

வேதாரணியத்து உப்பளங்களில் விளையும் உப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் சோடியம் அணுவானது தன் வெளிச்சுற்றிலுள்ள ஓர் எலெக்ட்ரானைக் குளோரின் அணுவிற்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர்மின்சாரமும், பெற்றது எதிர்மின்சாரமும் அடைகின்றன. இவ்வாறு மின்சாரம் பெற்ற அணுக்களுக்கு அயனிகள் என்று பெயர். அவை ஒன்றையொன்று இழுத்து நிற்பதே அயனிப் பிணைப்பு. நீரில் இட்டவுடன் இவ்வயனிகள் தனித்தனியே பிரிந்துவிடும்.

மற்றொரு வகையில் கொடுத்தலும் வாங்கலும் இல்லை. இரண்டு அணுக்கள் தத்தம் எலெக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது சகப்பிணைப்பு எனப்படும். சர்க்கரையும் யூரியாவும் இவ்வகையின. இவை நீரில் கரையுமேயன்றி அயனிகளாகப் பிரிவதில்லை. மூலக்கூறு சிதையாமல் முழுமையாகவே நீரில் கலந்து நிற்கும். உப்பு உருகுவதற்கு 801 பாகை சென்டிகிரேட் வெப்பம் வேண்டும். யூரியாவுக்கு ஏறத்தாழ 133 பாகையே போதும்.

ஒரே பொருளில் இருவகையும் அமைவதுண்டு. அம்மோனியம் சல்பேட்டில் அம்மோனியத்திற்கும் சல்பேட்டிற்கும் இடையே உள்ளது அயனிப் பிணைப்பு. அம்மோனியத்தினுள் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்திருப்பது சகப்பிணைப்பு.

வயலில் நிகழ்வது

களிமண் துகள்கள் எதிர்மின்சாரம் உடையன. ஆதலால், அம்மோனியம் சல்பேட் கரைந்தவுடன் நேர்மின்சாரமுள்ள அம்மோனியத்தை அவை பற்றிக்கொள்கின்றன. யூரியாவிலோ களிமண் பற்றுவதற்குரிய மின்சாரம் இல்லை. நீர் சென்ற வழியே அதுவும் செல்லும். மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி சில நாட்களில் அதனை அம்மோனியமாக மாற்றிய பின்னரே களிமண் அதனைத் தாங்கும். இம்மாற்றம் சேற்றினுள் நிகழாமல் தேங்கிய நீரிலேயே நிகழுமாயின், அந்நீரில் காரத்தன்மை மிகுந்து, தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகும்.

நமது பிரதேசத்தில் பல இடங்களில் ஒரு வயலின் நீர் வரப்பு மடை வழியாய் அடுத்த வயலுக்குப் பாய்வது வழக்கம். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. ஓடும் நீரில் அதனைத் தூவுவோர் அச்செல்வத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கே அளித்தவராவர்.

செய்ய வேண்டுவன

1. மேலுரம் இடுமுன் வயல்நீரை வடித்துச் சேற்றுப்பதத்தில் யூரியாவை இடுக. அடியுரமாயின் சேற்றில் நன்கு கலந்துவிடுக.

2. மடைகளை அடைத்து, சில நாட்கள் நீர் வெளிச்செல்லாதபடி காக்க. பின்னர் மெதுவாக நீர் கட்டுக.

3. யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு ஆகியவற்றை முறையே 5:4:1 என்னும் எடை விகிதத்தில் கலந்து, ஓரிரவு வைத்திருந்து இடுக. வேம்பின் சாரம் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். நைட்ரேட் எதிர்மின்சாரமுள்ளதாதலின் களிமண்ணில் தங்காது.

4. முழு அளவையும் ஒரே தடவையில் இடாமல், அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும், கதிர் வெளிவரும் பருவத்திலும் பிரித்து இடுக.

உப்பு நிலங்களைப் பற்றி

அயனிகள் நீரில் மின்சாரத்தைக் கடத்தும். மண் பரிசோதனையில் மின்கடத்துந்திறனைக் கொண்டு உப்பின் அளவை மதிப்பிடுவது இதனாலேயே. கடலோரக் கிராமங்களில் நாற்று விடுமுன் இச்சோதனையைச் செய்துகொள்வது நலம்.

ஒரு வாய்க்காலில் பாசனம் பெறுவோர் யாவரும் உரமிடும் நாளையும் மடை அடைக்கும் நாளையும் கலந்து தீர்மானிப்பாராயின் ஒருவர் உரம் மற்றவர் வடிகாலிற் சேராது. இதற்குக் கிராம அதிகாரிகள் முன்னின்று உதவுதல் வேண்டும்.