பாட்டுப் பெட்டி பாதியில் நின்னுட்டா...



போன மாதக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி, நோட்டில் எழுதி முடித்ததும், காயல்பட்டினத்து அக்கா ஒருத்தர் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த சின்ன எம்பி3 பிளேயரை எடுத்து முன்னால் வைத்தார். அவர் வீட்டுக்காரர் பல வருஷத்துக்கு முன்னால் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

"ரெண்டு பாட்டு பாடுது, மூணாவதுல அப்படியே நின்னுடுது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குது. கடையில ஃபார்மட் பண்ணினா சரியாயிடும்னு சொல்றாங்க. பண்ணச் சொல்லிடவா?"

"உள்ளே பாட்டு மட்டும்தானாக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாப்பா குரல் இருக்கு. மவுத்தாகுறதுக்கு முந்தி பேரப்புள்ளைக்குக் கதை சொன்னாங்க, அதைப் பதிஞ்சு வச்சேன்."

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு, வெறும் பெட்டியாக ஆக்குவது. மெமரியில் கோளாறு என்றால் அது சரியான வைத்தியம்தான். ஆனால் அதுதான் கடைசி வைத்தியம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பெட்டி நின்றுபோனால் முதலில் பூட்டுப் பட்டன் (ஹோல்டு என்று எழுதியிருக்கும்) தள்ளிக் கிடக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு அதுதான் கோளாறு. இல்லையென்றால் அரை மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு, ஆன் பட்டனை பத்துப் பதினைந்து வினாடி விடாமல் அமுக்குங்கள். சக்கரம் வைத்த பழைய ஐபாடு என்றால் மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து எட்டு வினாடி போல அமுக்க வேண்டும். இப்படி அணைத்து எழுப்புவதால் பாட்டு அழியாது. செட்டிங்ஸ் உள்ளே போய் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுப்பது வேறு. பல பெட்டிகளில் அது எல்லாவற்றையும் அழித்துவிடும், அதைத் தொடாதீர்கள்.

பெட்டி நின்றாலே உள்ளே இருப்பது கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. 2008 டிசம்பர் 31-ஆம் தேதி, மைக்ரோசாப்ட் கம்பெனியின் 30 ஜிபி சூன் பிளேயர்கள் ஒரே நாளில் ஏராளமாக நின்றுபோயின. அது லீப் வருஷம். 366-ஆவது நாளைக் கணக்குப் பார்க்கத் தெரியாமல், உள்ளே இருந்த கடிகார நிரல் சுற்றிச் சுற்றி வந்ததுதான் காரணம். பேட்டரி முழுக்க இறங்கட்டும், மறுநாள் திரும்ப சார்ஜ் போட்டு ஆன் செய்யுங்கள் என்றுதான் கம்பெனி சொன்னது. பாட்டை அழிக்கச் சொல்லவில்லை.

அடிக்கடி நின்றால் குற்றவாளி பேட்டரியா, மெமரியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சார்ஜர் வயர் சொருகியிருக்கும்போது நன்றாகப் பாடி, வயரை எடுத்ததும் நின்றால், அல்லது சத்தம் கூட்டினால் நின்றால், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினால் தளர்வது இயல்புதான். பெட்டியின் முதுகு உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாமல், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

எப்போதும் ஒரே பாட்டில் நின்றால் அந்தப் பாட்டுதான் கெட்டிருக்கும். கார்டைக் கழற்றிவிட்டுப் போட்டால் நிற்காமல் ஓடுகிறது என்றால் கார்டில்தான் கோளாறு. நம்ம ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துரு ஏறுகிறது, கார்டு உட்காரும் இடம் மட்டும் தப்புமா? பெட்டியை அணைத்துவிட்டு, கார்டின் மஞ்சள் பட்டைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் போடுங்கள். தண்ணீர், எண்ணெய் வேண்டாம். புதுக் கார்டு வாங்கினால் பெரிதாக வாங்காதீர்கள். பழைய பெட்டிகள் பல 32 ஜிபிக்கு மேல் படிக்காது. இன்னும் பழையது 2 ஜிபியோடு நின்றுவிடும்.

இனி முக்கியமான விஷயம். ஃபார்மட்டுக்கு முன் நகல் எடுக்க வேண்டும். பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்கு 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று ஓடும் நிலையில் இருந்தாலே போதும். வயர் மட்டும் கவனம். சில வயர் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கடத்தாது. கம்ப்யூட்டரில் பெட்டி தெரியவில்லையென்றால் வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

நாம் பதிந்த குரல் பாட்டுகளோடு இருக்காது. ரெக்கார்டு, வாய்ஸ் என்ற பெயரில் தனி ஃபோல்டர் இருக்கும். அதுவும் பல பெட்டிகளில் கார்டில் இல்லை, பெட்டியின் சொந்த மெமரியில் இருக்கும். கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, "குரல் பத்திரமா இருக்கு, பெட்டியை அழிச்சுக்கோங்க" என்று சொல்லி ஏமாந்தவர்கள் உண்டு. எடுத்த நகலைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் ஃபார்மட். ஏற்கெனவே அழித்துவிட்டவர்கள் அந்தப் பெட்டியில் புதுசாக எதையும் ஏற்றாதீர்கள். மேலே வேறு எழுதாத வரைக்கும், மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்து அழிந்ததைத் திரும்ப எடுக்க வாய்ப்பு இருக்கிறது.

அந்த அக்கா பெட்டியில் மெமரிதான் கோளாறு. குரல் உள் மெமரியில் இருந்தது. மூன்றாவது வயரில்தான் கம்ப்யூட்டர் பெட்டியைக் கண்டது. நகல் எடுக்கும்போதும் இரண்டு தடவை நின்றது. ஒவ்வொரு ஃபைலாக எடுத்தோம். ஒன்பது பதிவில் எட்டு வந்தது. ஒன்று பாதியோடு நிற்கிறது, கதையில் நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடம்.

"மீதி எனக்குத் தெரியும், நான் சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா. எட்டையும் மகள் ஃபோனிலும் ஏற்றிக் கொடுத்தோம். அப்புறம் பெட்டியை ஃபார்மட் செய்தோம். இப்போது பாடுகிறது, சத்தம் கூட்டினால் மட்டும் கொஞ்சம் திணறுகிறது. பேட்டரிக்கும் வயசாகிவிட்டது.