படத்தைச் சுருக்கிய நிரல்

மாணவர்களே, திறன்பேசியில் ஒரு படத்தை எடுத்து நண்பருக்கு அனுப்புகிறீர்கள். பல வேளைகளில் அந்தப் படம் அவரைச் சென்றடைவதற்குள் ஒரு நிரல் அதைச் சுருக்கிவிடுகிறது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. எங்கள் வீட்டிலும் அவ்வாறு சுருங்கிய படம் ஒன்று உண்டு. அந்தக் கதைக்குள் செல்லுமுன், கணினிக்குப் படம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

கணினி எண்களை மட்டுமே அறியும். ஆகவே, ஒரு படத்தை அது சின்னஞ்சிறு சதுரங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சதுரங்களைப் படப்புள்ளிகள் என்கிறோம். பொதுவாக, வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. 1957ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மூன்று மாதக் குழந்தையின் நிழற்படத்தை வருடியின்மூலம் கணினிக்குள் ஏற்றினார். அதன் அளவு 176க்கு 176 புள்ளிகள்தான். மொத்தம் 30,976 புள்ளிகள். இன்றைய திறன்பேசிப் படம் ஒன்றில் கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருப்பது சர்வ சாதாரணம்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். நான் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது, என் அண்ணன் எங்கள் குடும்பம் வாழ்ந்த ரப்பர்த் தோட்டத்தைப் பற்றி ஓர் இணையத்தளம் அமைக்க விரும்பினார். அதற்குத் 'தோட்ட நினைவுகள்' என்று பெயரிட்டார். பாட்டியின் தகரப் பெட்டியில் கிடந்த பழைய படங்களை எல்லாம் வருடியில் வைத்துக் கணினியில் ஏற்றினார். அவற்றுள் ஒன்றில் பாட்டி பால்வாளியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அண்ணன் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பாட்டியின் முன்கையில் ஏதோ பச்சை குத்தியிருந்தது. மங்கிப்போன எழுத்துகள். முதல் எழுத்து 'வ' என்று நான் படித்தேன். அடுத்ததைப் படிப்பதற்குள் அம்மா சாப்பிட அழைத்தார். எழுந்து போய்விட்டோம்.

அண்ணன் பயன்படுத்திய நிரல்மொழி பி.எச்.பி. ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த வலைப்பக்கத்திற்காக எழுதிய சிறு கருவிகளிலிருந்து வளர்ந்த மொழி அது, 1995இல் வெளியானது. அது நம் உலாவியில் இயங்குவதில்லை. இணையத்தளத்தைத் தாங்கும் கணினியில் இயங்கும். ஜி.டி. எனும் நிரலகத்தையும் அதனோடு சேர்த்துக்கொண்டால் படங்களை வரையலாம், வெட்டலாம், சுருக்கலாம்.

படத்தைச் சுருக்குவது என்றதும், துணியைத் துவைத்தால் சுருங்குவதைப் போல அதே படம் சிறிதாகிவிடுகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. நிரல் முதலில் பழைய படத்தைத் திறக்கிறது. பிறகு, வேண்டிய அளவில் புதிய வெற்றுப் படம் ஒன்றை உருவாக்குகிறது. ஜி.டி. உருவாக்கும் இந்த வெற்றுப் படம் தொடக்கத்தில் முழுக்கக் கறுப்பாக இருக்கும். அதன்பின், பழைய படத்தைப் பார்த்துப் புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுகிறது. ஆக, சுருக்குவது என்பது பார்த்து வரைவதுதான். கடைசியாக, வரைந்ததைக் கோப்பாகச் சேமிக்கிறது.

பாட்டியின் படம் அகலத்தில் 1,800 புள்ளிகளும் உயரத்தில் 2,400 புள்ளிகளும் கொண்டது. அண்ணன் முதலில் எல்லாப் படங்களையும் 400க்கு 400 என்று சதுரமாக்கினார். ஒல்லியான பாட்டி, பூசணிக்காய் போல அகன்று குட்டையாகிவிட்டார்! நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தவறு விகிதத்தில் இருந்தது. 400ஐ 1,800ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.22 வரும், 400ஐ 2,400ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.17, அதாவது ஆறில் ஒரு பங்கு. இவ்விரண்டில் சிறியதைத் தேர்ந்து, அகலத்தையும் உயரத்தையும் அதே எண்ணால் பெருக்க வேண்டும். அப்போது படம் 300க்கு 400 என அமையும். சதுரத்திற்குள்ளும் அடங்கும், உருவமும் சிதையாது. நீங்கள் கணிதப் பாடத்தில் படித்த விகிதம்தான் இது.

அடுத்து இன்னொரு கேள்வி எழுகிறது. பழைய படத்தில் 43,20,000 புள்ளிகள். புதிய படத்தில் 1,20,000 மட்டுமே. 36 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் நிற்க முடியும். எந்த நிறத்தை அதற்குக் கொடுப்பது? ஜி.டி. நிரலகத்தில் இதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, 36இல் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற 35ஐயும் விட்டுவிடும். இது விரைவானது. ஆனால், சாய்ந்த கோடுகள் படிக்கட்டுகளைப் போலத் தெரியும். மெல்லிய கோடுகள் ஆங்காங்கே அறுந்துபோகும். மற்றொன்று, 36 புள்ளிகளின் நிறங்களையும் கலந்து சராசரி காணும். படம் வழவழப்பாக வரும். அண்ணன் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பிறகு, படத்தின் கீழ்ப்பகுதியில் தளத்தின் பெயரை எழுத முற்பட்டார். எழுத்துகள் கீழே வருவதற்குப் பதிலாக உச்சியில் போய் நின்றன. வரைபடத்தாளில் நாம் தொடக்கப் புள்ளியைக் கீழே இடப்பக்கம் வைத்து, மேல்நோக்கி எண்ணிப் பழகியிருக்கிறோம் அல்லவா? ஜி.டி.யில் தொடக்கப் புள்ளி மேலே இடப்பக்க மூலையில் இருக்கும். கீழ்நோக்கி இறங்க இறங்க எண் கூடும். அதைச் சரிசெய்ததும் வேறொரு சிக்கல். 'நினைவுகள்' என்ற சொல்லில் 'னை' உடைந்து, னகரத்திற்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருங்குறியில் முதலில் மெய்யெழுத்துக்குரிய வடிவமும் அதன்பின் உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போதுதான் குறியை முன்னால் நகர்த்த வேண்டும். அந்த வேலையை அண்ணன் பயன்படுத்திய கட்டளை செய்யவில்லை. இறுதியில், தளத்தின் பெயரைத் தனிப் படமாக வேறொரு செயலியில் உருவாக்கி, அதை நிரலின்மூலம் ஒட்டினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி, கோப்புறையில் இருந்த அத்தனை படங்களின்மீதும் நிரலை ஓடவிட்டார். சில விநாடிகளில் வேலை முடிந்தது. சேமிக்கும் கட்டளையில் மட்டும் ஒரு பிழை. புதிய படத்திற்குப் புதிய பெயர் கொடுக்காமல், பழைய கோப்பின் பெயரையே கொடுத்திருந்தார். கணினி கேள்வி எதுவும் கேட்கவில்லை. பழைய கோப்புகள் இருந்த இடத்தில் சிறிய கோப்புகள் அமர்ந்துகொண்டன. வேறு படி எதுவும் எடுத்து வைக்கவில்லை.

தாளில் இருக்கும் படம்தான் பத்திரமாக இருக்கிறதே, மீண்டும் வருடிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னார். அந்த ஆண்டு இறுதி மழையில் வீட்டிற்குள் வெள்ளம் புகுந்தது. தகரப் பெட்டியைத் திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன.

சிறிய படத்தை மீண்டும் பெரிதாக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அண்ணன் ஒரு தாளை எடுத்து 40, 60, 80, 100 என்று நான்கு எண்களை எழுதினார். "சராசரி என்ன?" என்றார். 70 என்றேன். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, "70 மட்டும்தான் உன்னிடம் இருக்கிறது. அந்த நான்கு எண்களை இனிக் கண்டுபிடி, பார்ப்போம்" என்றார். 70, 70, 70, 70 என்பதற்கும் சராசரி 70தானே! பெரிதாக்கும் நிரல் அவ்வாறுதான் இடைவெளிகளை நிரப்புகிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கூர்மையான படத்தைத் தருகின்றன என்பது உண்மையே. அண்மையில் நான் அதையும் முயன்று பார்த்தேன். பாட்டியின் கையில் தெளிவான கோடுகள் தோன்றின. ஆனால், அவை எந்த மொழியின் எழுத்துகளும் அல்ல. செயலி ஊகித்து வரைந்தவை அவை.

300க்கு 400 புள்ளிகள் கொண்ட அந்தப் படம் இன்றும் எங்களிடம் இருக்கிறது. பாட்டியின் முகம் நன்றாகவே தெரிகிறது. முன்கையில் மட்டும் பச்சை நிறத்தில் ஒரு சிறு கறை. அது பாட்டியின் தாயார் பெயர் என்கிறார் அம்மா. இல்லை, அவர்கள் கப்பலேறிப் புறப்பட்ட ஊரின் பெயர் என்கிறார் பெரியம்மா. இரண்டும் 'வ' என்ற எழுத்தில்தான் தொடங்குகின்றன.