எல்லாரும் ஒன்றுதானா?

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

"நோயாளி யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். திருநங்கை, திருநம்பி, தன்பால் ஈர்ப்பாளர் என்று தனிப்பாடம் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். உன் மனசு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் இந்த 'எல்லாரும் ஒன்றுதான்' பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரச் செவிலியர்களைப் பேட்டி கண்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலோர் இந்த விஷயத்தில் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். தன்பால் ஈர்ப்பாளர்கள் ஒளிவுமறைவின்றி வாழ்வதற்குப் பேர்போன ஊரிலேயே இதுதான் கதி! நாமோ, செவிலியர் மனதில் வெறுப்பு உண்டா என்று கேட்டுப் பார்க்கிறோம். இல்லை என்றதும் பாஸ் போட்டுவிடுகிறோம். வெறுப்பே இல்லாத இடத்திலும் உயிர் போகும்.

2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க கேஸ் ஒன்றைப் பார். 32 வயது ஆண், கடும் வயிற்றுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறார். தான் திருநம்பி என்கிறார். வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றும் சொல்கிறார். யாரும் விரட்டவில்லை. பதிவேட்டிலும் அவர் ஆண்தான், அவர் வாழ்கிறபடியே. கர்ப்பப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுக்கிறார் நர்ஸ். ஆனால் பருத்த உடல், ரத்த அழுத்தம், மாத்திரையை நிறுத்திய ஆண் என்று கணக்குப் போட்டு, அவசரமில்லாத கேஸாகக் காத்திருக்க வைக்கிறார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் தொப்புள்கொடி இறங்கியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுகிறார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. இதே வலியோடும் அழுத்தத்தோடும் ஒரு பெண், கர்ப்பம் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தால் காக்க வைத்திருப்பார்களா? அவரை ஆணாக மதித்தது சரி. மதித்த கையோடு, அவர் வாயால் சொன்னதைப் பதிவேட்டிலுள்ள ஒற்றைச் சொல்லுக்குக் கீழே வைத்ததுதான் பிழை. நைட்டிங்கேல் 1859இல் செவிலியப் பணி பற்றி எழுதிய குறிப்புகளில், நோயாளியைக் கவனிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. படித்தாயா? பரீட்சைக்கு வராது என்று விட்டிருப்பாய். கவனிக்கத் தெரியாதவரின் கருணையை அந்த அம்மையார் பொருட்படுத்தவே மாட்டார்.

கேட்டால் சங்கடப்படுவார்களே என்பாய். எக்ஸ்ரேக்கு முன் கல்யாணமாகாத பெண்ணிடம் கடைசி மாதவிலக்கு எப்போது என்று தினமும் கேட்கிறோமே, அந்தச் சங்கடம் எங்கே போயிற்று? திரையை இழு, கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல், குரலைத் தாழ்த்து, எதற்காகக் கேட்கிறாய் என்பதை முதலில் சொல். அறுவை முடிந்த திருநங்கைக்கும் புராஸ்டேட் இருக்கும். சிறுநீர் அடைத்துக்கொண்டு வந்தால் அது உனக்கு நினைவுக்கு வர வேண்டும். கருப்பைவாய் உள்ள திருநம்பிக்குப் பாப் ஸ்மியர் வேண்டும். அதே சமயம், விரல் வெட்டுக்குத் தையல் போட வந்தவரிடம் கீழே என்ன ஆபரேஷன் என்று விசாரிப்பது வெறும் வம்பு.

மதம் ஒப்பவில்லை என்பவர்களும் உண்டு. நம்பிக்கை அவரவர் சொத்து, வார்டு அப்படியல்ல. மனநலச் சிகிச்சையில் பாலின ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. அந்த ஈர்ப்பை 'மாற்றுகிற' மருத்துவ முயற்சிகளை 2021இல் சென்னை உயர் நீதிமன்றமும் தடுத்துவிட்டது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது அவசரப் பிரிவு போஸ்டிங் என்றாயே. டூட்டி மாறும்போது இப்படி ஒருவர் படுக்கையில் இருந்தால், அவரை எப்படி அழைக்க வேண்டும், சிகிச்சைக்குத் தேவையான உறுப்பு விவரம் என்ன, அவசரமென்றால் அவர் யாரைக் கூப்பிடச் சொன்னார் என்பதை அடுத்த நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போ. மற்ற கதைகள் டீ குடிக்கும் இடத்துக்கும் வரக்கூடாது.

அன்புடன்,
உன் ஆசிரியை