முதல் தடவை பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு

தேனாம்பேட்டையில் ரத்ததானம், மருத்துவ முகாம் என்று ஓடிக்கொண்டிருந்த நீங்கள், இனி குழுக்களை நடத்தப் போகிறீர்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. துக்கத்தை வேலையாக்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதனால் அவர் தொடங்க நினைத்த இந்தப் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-ல். இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை: தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டமன்றத்தில் போராடினார், 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். நினைத்தது கைகூட முப்பது வருஷம் ஆனாலும் மனசு விட்டுப்போகவில்லை. எனக்கு இதுதான் பெரிய பாடம்.

2. சிறிதாகத் தொடங்கக் கூச்சப்படாதீர்கள். மருத்துவமனை திறந்தபோது இருந்தவை 12 படுக்கைகள்தான்.

3. உங்கள் ஆட்கள் இருக்கும் இடத்தில் நீங்களும் இருங்கள். மயிலாப்பூரில் 1927-ல் பிறந்த டாக்டர் வி. சாந்தாவுக்கு அரசு மருத்துவமனை வேலை கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, 1955-ல், நாளைக்கு நிற்குமா என்றே தெரியாத அடையாறு மருத்துவமனைக்கு வந்தார். வளாகத்திலேயே தங்கினார். பிறகு இயக்குநரானார், 2005-ல் மகசேசே விருது, 2016-ல் பத்ம விபூஷண். எதுவும் அவரை அந்த வளாகத்திலிருந்து நகர்த்தவில்லை. 2021 ஜனவரியில், 93 வயதில் மறையும் வரை அதுவே அவர் வீடு. குழுவில் ஒருவர் சோர்ந்துபோனால் அது உங்கள் கண்ணில் பட வேண்டும். போனில் விசாரித்தால் தெரியாது, கூட இருந்தால்தான் தெரியும்.

4. நம்பிக்கை கொடுக்கும்போது கையில் விவரத்தோடு கொடுங்கள். புற்றுநோய் என்றாலே முடிந்தது என்று ஊர் நினைத்த காலத்தில், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்று சாந்தா ஓயாமல் சொன்னார். அதற்கான பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழியும் செய்தார். “எல்லாம் சரியாகிடும்” என்று நீங்கள் யாரிடமும் வெறுமனே சொல்லாதீர்கள். எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், செலவுக்கு என்ன வழி என்று கேட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, அன்றைக்கே விசாரியுங்கள்.

5. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், பிடித்த பாட்டையும் விளையாட்டையும் பொறுப்பு வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

6. முதல் கூட்டத்தில் நீங்கள் அதிகம் பேச வேண்டாம். ஓரமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம், “நீ என்னம்மா நினைக்கிறே?” என்று முதலில் கேளுங்கள். சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அதில் ஒன்றையாவது செய்து முடித்திருங்கள்.