நாலு சதவீத பியருக்குச் சட்டத்தில் சலுகை உண்டா?

கேள்வி: எச்-1பி விசாவில் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். மனைவியோடு வாடகை அபார்ட்மென்டில் குடியிருக்கிறேன். ஹாப்ஸ் மணம் தூக்கலாகவும் ஆல்கஹால் நாலு சதவீதத்துக்குள்ளும் இருக்கும் 'செஷன் ஐபிஏ' வகை பியரை வீட்டிலேயே தயாரிக்க ஆசை. போதை குறைவு என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்கிறார் நண்பர். சரிதானா? தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் நண்பர்களுக்குக் கொடுத்து, சாமான் செலவுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்ளலாமா? ஊர் திரும்பிய பிறகு திருச்சியிலும் தயாரிக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நண்பர் சொல்வது தவறு. அமெரிக்கக் கூட்டாட்சி வரிச் சட்டத்துக்கு முக்கியமான எண் 0.5 சதவீதம். மால்ட் எனும் முளைகட்டிய தானியம் கொண்டு நொதிக்கவைத்த பானத்தில் ஆல்கஹால் அந்த அளவையோ அதற்கு மேலோ தொட்டால் அது பியர். அதன் பிறகு நாலு சதவீதமும் ஒன்பது சதவீதமும் வீட்டுத் தயாரிப்பைப் பொறுத்தவரை ஒன்றுதான். வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியின்றித் தயாரிக்கலாம். 200 கேலன் என்பது சுமார் 757 லிட்டர். இது வீட்டுக்கான மொத்தக் கணக்கு. கணவனுக்கு இருநூறு, மனைவிக்கு இருநூறு என்று பிரித்துக்கொள்ள முடியாது. வழக்கமான ஒரு தவணை ஐந்து கேலன், அதாவது 19 லிட்டர். தம்பதி ஆண்டுக்கு நாற்பது தவணை போட்டாலும் எல்லைக்குள்தான் இருப்பார்கள்.

நண்பரின் எண்ணத்துக்குப் பழைய வேர் ஒன்று இருக்கக்கூடும். அமெரிக்காவில் மதுவிலக்கு முழுதாக நீங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1933 ஏப்ரல் 7 அன்று, எடையில் 3.2 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பியர் விற்பனைக்கு வந்தது. கன அளவில் அது ஏறக்குறைய நாலு சதவீதம். போதை குறைந்த பியருக்குத் தனிச் சலுகை என்ற கருத்து பல மாநிலங்களின் விற்பனைச் சட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. ஆனால் வீட்டுத் தயாரிப்பின் கதை வேறு. மதுவிலக்கு போன பிறகு வீட்டில் ஒயின் தயாரிக்க விலக்கு கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது சரிசெய்யப்பட்டது.

கூட்டாட்சி அனுமதித்தால் போதாது. மாநிலமும் அனுமதிக்க வேண்டும். மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இசைந்தன. அலபாமா மூன்று மாதத்துக்கு 15 கேலன் என்று கையை இறுக்கியே பிடித்திருக்கிறது. ஆகவே வாசகர் முதலில் படிக்க வேண்டியது தாம் வசிக்கும் மாநிலத்தின் மதுச் சட்டம். அடுத்தது வாடகை ஒப்பந்தம். அரசு அனுமதித்ததை வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தில் தடுத்திருக்கலாம்.

'நாலுக்குள்' என்ற உறுதியையும் அவர் சற்றுச் சந்தேகிப்பது நல்லது. இந்த வகை பியருக்கு மால்ட் குறைவாகப் போடுவார்கள். நீர்த்துப்போகாமல் இருக்க மால்ட்டை 68, 69 டிகிரி செல்சியஸில் ஊறவைத்து, ஈஸ்ட் தின்ன முடியாத மாவுச்சர்க்கரையை விட்டுவைப்பார்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.040, முடிவில் 1.010 காட்டினால் ஆல்கஹால் ஏறக்குறைய 3.9 சதவீதம். பிறகு மணத்துக்காக ஹாப்ஸ் பூக்களைக் காய்ந்த நிலையிலேயே பியரில் போட்டு ஊறவைக்கும்போது, அதிலுள்ள நொதிகள் அந்த மிச்சச் சர்க்கரையை உடைத்து மறுபடி நொதிக்கவைக்கலாம். ஆல்கஹால் கூடும், அவசரப்பட்டு அடைத்த பாட்டில் அழுத்தம் தாங்காமல் வெடிக்கவும் செய்யும். விழாவில் ஒரு குழந்தை பக்கத்தில் நிற்கும்போது அது நடந்தால், விருந்தளித்தவர் நஷ்ட ஈட்டு வழக்கைச் சந்திக்க நேரலாம். ஹைட்ரோமீட்டர் அளவு சில நாட்கள் தொடர்ந்து அசையாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும்.

பொங்கல் விழாவுக்கு வருவோம். வீட்டில் தயாரித்த பியரைச் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்காக வெளியே எடுத்துச் செல்லவும், ஏற்பாடு செய்யப்பட்ட நிகழ்ச்சிகள், சுவைப் போட்டிகள் போன்றவற்றில் பகிரவும் கூட்டாட்சி விதி இடம் தருகிறது. மாநில விதியும் மண்டபத்தின் நிபந்தனையும் அதற்கு ஒத்துவர வேண்டும். இருபத்தொரு வயது ஆகாதவர் கைக்கு அது போகக் கூடாது. பணம் வாங்குவதற்கு மட்டும் வழியே இல்லை. விற்பதும் விற்க முன்வருவதும் தடை. லாபமில்லை, சாமான் செலவு மட்டும்தான் என்ற விளக்கம் அதை விற்பனை இல்லை என்று ஆக்கிவிடாது. உண்டியல் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். எச்-1பி விசாக்காரருக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. மனு செய்த நிறுவனத்தின் வேலையைத் தவிர வேறு வேலை செய்து சம்பாதித்தால் குடியேற்றத் தகுதியே கேள்விக்குள்ளாகும். சில டாலருக்காக ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

திருச்சியில் தயாரிக்கவே கூடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 'மது' என்பதில் கள், ஒயின், பியர் ஆகியவற்றோடு ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவங்களையும் சேர்க்கிறது, சதவீதம் பார்ப்பதில்லை. உரிமமின்றித் தயாரிப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம் என்ற அமெரிக்க விலக்கு இங்கே கிடையாது. மது உற்பத்தி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் வருவதால் பிற மாநில விதியைக் காட்டியும் வாதாட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

மது தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரங்களையும் பொருட்களையும் வைத்திருப்பதும் அதே 4ஆம் பிரிவுக்குள் வருகிறது. எனவே வாசகர் கொதிகலனையும் நொதிகலனையும் அமெரிக்காவிலேயே விற்றுவிட்டு வரட்டும். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் பொட்டலங்களையும் பெட்டியில் வைக்க வேண்டாம்.