மடிக்கிற மின்சைக்கிள் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

ஹரோ, வெம்பிளிப் பக்கம் வீடெடுத்து மத்திய லண்டனுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் இந்தச் சைக்கிளைப் பற்றித்தான் இப்போது கேட்கிறார்கள். ஒரு சார்ஜில் எத்தனை மைல் என்று கடைக்காரர் சொல்லுவார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

1. ஓடிப் பார்க்க முன்னம் தூக்கிப் பாருங்கள். கிரீன்ஃபோர்ட்டில், எங்கள் அயலிலேயே செய்கிற புரொம்ப்டன் மின்சைக்கிள் பற்றரியோடு ஏறக்குறைய 17 கிலோ. அதே நிறுவனத்தின் சாதாரண மடிப்புச் சைக்கிள் 12 கிலோவுக்குக் கிட்டத்தான். தடித்த ரயர் போட்ட மலிவுச் சைக்கிள்கள் சில 25 கிலோவையும் தாண்டும்; பெரிய அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு படியேறுகிற வேலை அது. லிஃப்ட் இல்லாத ஸ்ரேசன்கள் லண்டனில் இன்னும் நிறைய. உங்கள் வீடு மூன்றாம் மாடியிலென்றால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பற்றரி தனியாகக் கழன்று வந்தால் சுமையை இரண்டு கைக்கும் பிரிக்கலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

2. ரயிலில் கொண்டுபோகத்தான் மடிப்பு. 2025 பெப்ரவரியில் ரேனர்ஸ் லேன் ஸ்ரேசன் மேடையில் ஒரு மின்சைக்கிள் தீப்பற்றியது. மார்ச் 31 தொடக்கம் மடிக்க முடியாத மின்சைக்கிள்களை ரியூப், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் எல்லாவற்றிலும் தடுத்துவிட்டார்கள். மடிக்கிறதுக்கு மட்டும் விலக்கு. ஆனால் மடித்தால் எவ்வளவு சிறிதாகிறது என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. சிலதை மடித்து நிறுத்தினாலும் பாதிக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். காலை எட்டரை மணிக்கு ஆட்கள் உங்களைப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரியும். பஸ்ஸில் ஏற்றுவது ஓட்டுநரின் மனசைப் பொறுத்தது. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

3. பற்றரி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. இணையத்தில் மலிவாக வருகிற பற்றரி, பொருந்தாத சார்ஜர், பழைய சைக்கிளில் மோட்டார் பூட்டுகிற பெட்டி, மூன்றையும் தொடாதீர்கள். ஒரு வீட்டை நாலைந்து பேர் பங்குபோட்டு இருக்கிற பிள்ளைகள் சைக்கிளை வாசல் நடையில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடுகிறார்கள். லிதியம் பற்றரி தீப்பிடித்தால் நிமிடக் கணக்கில் பரவும். தப்பி ஓட இருக்கிற ஒரே வழியில்தான் அது எரியும். எல்லாரும் முழித்திருக்கும்போது, வெளியே போகிற வழியை மறிக்காத இடத்தில் சார்ஜ் போடுங்கள், நிறைந்ததும் கழற்றிவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள். வேலையிடத்திலும் கேளுங்கள்: சைக்கிளை மேசைக்குக் கீழே வைக்க விடுவார்கள், ஆனால் பற்றரியை உள்ளே எடுக்க விடாத இடங்களும் உண்டு.

4. சட்டம் சிக்கலில்லை. மோட்டார் 250 வாற், மோட்டாரின் உதவி மணிக்கு 15.5 மைல் வரைதான், ஓட்டுபவருக்குக் குறைந்தது 14 வயது. லைசென்சும் வேண்டாம், இன்சூரன்சும் வேண்டாம். பெடல் மிதிக்காமல் கைப்பிடியைத் திருக்கியே வேகமாக ஓடலாம் என்று ஒருவர் விற்றால், விலையைக் கேட்காமலே வந்துவிடுங்கள்.

5. சின்னச் சில்லு குழியில் விழுந்தால் நாரி அறியும். மோட்டார் பின்சில்லில் இருந்தால் காற்றுப்போன ரயரைக் கழற்றுவதும் கரைச்சல். வாங்குகிற கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

6. நல்லது சில ஆயிரம் பவுண் வரும். வேலை கொடுப்பவர் சைக்கிள்-ரு-வேர்க் திட்டத்தில் இருந்தால், சைக்கிளின் விலையை வரிக்கு முந்திய சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பார்கள், நல்ல ஆதாயம். ஆனால் அந்தக் கழிவால் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது. அதனால் கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் நிற்கிற எங்கள் பிள்ளைகள் கனபேருக்கு இது கிடைக்காது. உண்மையில் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

7. ரயிலே ஏறாதவருக்கு மடிப்பு எதற்கு? பெரிய சில்லு வைத்த சாதாரண மின்சைக்கிள் அதே காசுக்கு இதைவிடச் சுகமாக ஓடும். அதை வெளியில் பூட்டி வைக்க வேண்டிவரும். களவு போகிற பயம் மட்டும் கூட. வீட்டிலிருந்து ஸ்ரேசன் ஒன்றரை மைல், வழியும் சமதரை என்றால் மோட்டாரும் எதற்கு? ஹரோ மலைப்பக்கம் குடியிருக்கிறவர், முழங்கால் நோகிறவர், வேர்வையோடு அலுவலகத்தில் போய் நிற்க முடியாதவர், இவர்களுக்குத்தான் மடிப்பும் மோட்டாரும் சேர்ந்து பொருந்தும்.

8. கொழும்புக்குப் பறக்கும்போது கூடவே கொண்டுபோகலாமோ என்று கேட்கிறார்கள். பயணிகள் விமானத்தில் 160 வாற் மணிக்கு மேற்பட்ட பற்றரி ஏற்றமாட்டார்கள்; புரொம்ப்டன் பற்றரியே 300க்குக் குறையாது. பற்றரியைப் பாதி சார்ஜில், கடும் குளிர் படாத இடத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.