பழைய கார் ஐடிலிங்ல நடுங்குதா? பில் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

சிக்னல்ல நிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குது, ஆர்பிஎம் முள் 500-க்கு இறங்குது, சில சமயம் வண்டியே ஆஃப் ஆயிடுது. என்னோட 14 வருஷப் பெட்ரோல் காருக்குப் போன வருஷம் இதே பிரச்சினை. ஒர்க்‌ஷாப்ல பிளக் நாலு, காயில் நாலு, ஆக்சிஜன் சென்சார்னு 18,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டாங்க. "இதுல எது கெட்டுப்போச்சு?"ன்னு கேட்டேன். "எல்லாத்தையும் மாத்திட்டா சரியாயிடும் சார்." டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளுற மாதிரிதான் இதுவும். தப்பு உள்ளேயே இருக்கும்.

இன்ஜின் நல்லா சூடானதும் ஏசியை ஆஃப் பண்ணிட்டு முள்ளைப் பாருங்க. சின்ன பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 700 முதல் 900-க்குள்ள நிக்கும். முள் ஆடாம நின்னு, வண்டி மட்டும் நடுங்கினா முதல் சந்தேகம் இன்ஜின் மவுண்ட் ரப்பர் மேல.

முள் தாழ்ந்தே இருந்து, ஏசி போட்டதும் இன்னும் விழுந்தா த்ராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கலாம். ஐடிலிங்ல அந்தத் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். காத்துக்குச் சின்ன வழிதான். கரி அதை அடைச்சிடும். ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் தட்டு திறக்குறதால ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. இதுக்கு க்ளீனர் ஸ்ப்ரே போதும், புது பார்ட் வேண்டாம். எலக்ட்ரானிக் த்ராட்டில்னா தட்டைக் கையால தள்ளாதீங்க.

அடி விட்டு விட்டு ஓடினா மிஸ்ஃபயர். ஸ்கேனர்ல பி0301 வந்தா முதல் சிலிண்டர்னு அர்த்தம், அவ்வளவுதான். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டின்னா, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாத்தச் சொல்லுங்க. கோட் பி0302-க்கு மாறினா குற்றவாளி அந்தக் காயில். மாறலைன்னா அதே மாதிரி பிளக்கை மாத்திப் பாக்கலாம். நாலு காயிலுக்குப் பதிலா ஒண்ணு வாங்கினாப் போதும்.

என் வண்டியில வந்தது பி0171. பெட்ரோல் கம்மி, காத்து அதிகம்னு அர்த்தம். அதைச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே மாத்தணும்னாங்க! குறை எழுதின ஆடிட்டரை மாத்துறது மாதிரி. (அனுபவம் உண்டு.) வேற மெக்கானிக் ஒருத்தர் ஃப்யூவல் ட்ரிம் பார்த்தார். ஐடிலிங்ல +22%, 2,500 ஆர்பிஎம்ல +3%. காத்தை அளக்குற சென்சாரைத் தாண்டி எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ள வருது. மொத்தக் காத்து கம்மியா இருக்குற ஐடிலிங்லதான் அது பெருசாத் தெரியும். காதை வச்சுக் கேட்டா 'உஸ்'ஸுன்னு சத்தம். வெடிச்சுப்போன வேக்குவம் ஹோஸ். கூலியோட 650 ரூபாய்.

இதெல்லாம் சரியா இருந்தும் நடுக்கம் போகலைன்னா கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டர்ல மட்டும் குறைஞ்சா வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட்னு செலவு பெருசாகும். இங்கே கணக்கும் மாறுது. ரிப்பேர் செலவையும், வண்டி இன்னைக்கு விலைபோற தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. 15 வருஷம் நெருங்கினா ஆர்சி புதுப்பிக்கிற செலவையும் சேருங்க. போன வருஷம் போட்ட டயர், பேட்டரி காசைச் சேர்க்காதீங்க, அது போன பணம். ஹெட்டைக் கழட்டச் சம்மதிக்கிறதுக்கு முன்னாடி எல்லா சிலிண்டரோட ரீடிங்கையும் ஜாப் கார்டுல எழுதி வாங்கிக்கோங்க.